ஃபாஸ்ட்னா இன்னா?

செங்கல்பட்டு சம்பந்தம் முறிந்துபோன செய்தியை லத்தீஃபாவிடம் நேராக யாரும் சொல்லவில்லை. காலை பஸ்ஸுக்குக் கிளம்பி, வீட்டுக்கும் கடைக்கும் நடுவே தொங்கும் திரையை விலக்கப் போனவள், அப்துல் கையூம் பாயின் குரல் கேட்டு அப்படியே நின்றாள்.

"பையனுக்குப் புடிச்சிதான் இருந்துது, நைனா முகம்மது. அவுங்கம்மாதான் வேணாங்கறாங்க. பொண்ணு ரொம்ப ஃபாஸ்ட்டாம்."

"ஃபாஸ்ட்டா?" என்றார் அவளைப் பெற்ற அத்தா. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

நைனா முகம்மது புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருபது வருஷமாக லுங்கியும் துண்டும் வாயில் சேலையும் விற்பவர். அவருக்குத் தெரிந்த ஃபாஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அதைக் கடை போர்டிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'ஃபாஸ்ட் கலர் லுங்கிகள். சாயம் போகாது.'

"நல்லதுதானே பாய்? கெட்டிச் சாயம்னுதானே அர்த்தம்?"

"அந்த ஃபாஸ்ட் இல்லப்பா" என்றார் கையூம் பாய். செங்கல்பட்டுக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே பெண் பார்த்து மாப்பிள்ளை பார்த்து முடித்து வைப்பவர் அவர்தான். "தனியா பஸ் ஏறி மாபலிபுரம் போறா. ஆம்பளைங்க நடுவுல குந்திகினு டைப் அடிக்கிறா. அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்போ பையனோட மாமா இங்கிலீஷ்ல ஒரு வார்த்த கேட்டாரு, இவ நாலு வார்த்த திருப்பிக் குடுத்தா. இதுக்கெல்லாம் பேரு ஃபாஸ்ட்டு. பொம்பளப் புள்ளைக்கு ஆவாத வார்த்த அது."

கடையில் துணி மடிக்கும் சத்தம் நின்றுபோனது. அத்தாவின் கை நின்றதுதான் லத்தீஃபாவுக்குத் தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையூம் பாய்க்கு ஸலாம் சொன்னாள். "அத்தா, நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லி, முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, அழுகையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

எழுபத்தைந்தாம் வருஷம், ரம்ஜான் மாதம். விடியுமுன் ஸஹருக்குச் சாப்பிட்ட பிறகு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் அவள் கை காட்டியும் ஒரு பஸ் நிற்காமல் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. "அது ஃபாஸ்ட் பஸ்ஸும்மா, இங்க நிக்காது" என்றான் வெற்றிலை பாக்குக் கடைக்காரன். அவன் மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அவன் எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டு வீடுதான் ஆபீஸ். அங்கிருந்து தெற்கே சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலின் ஆழத்தை அளந்து படம் போட்டுக் கொடுக்க மெட்ராஸ் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் எடுத்திருந்தது. அதற்காக லாஞ்ச் என்ற ஒரு இன்ஜின் படகு தினமும் காலையில் கடலுக்குள் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும். அதில் மூன்று பேர்: கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வங்காளி சர்வேயர், இன்ஜின் டிரைவர், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்க்கும் கருப்பன். கரையில் மூன்று பேர்: மேனேஜர் ரவிச்சந்திரன், டைப்பிஸ்ட் லத்தீஃபா, பெருக்கித் துடைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் செல்லம்மா. செல்லம்மாவின் புருஷன்தான் கருப்பன். இரண்டு பேரும் போன வருஷம் வரைக்கும் படூர்ப் பக்கம் நாற்று நட்டுக் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது இந்த ஆபீஸில்தான்.

"இன்னா பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று செல்லம்மா கேட்டதும் லத்தீஃபா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்ததும் மேனேஜர் மேஜைக்குப் போனாள். அங்கே காகிதங்கள் கடல் காற்றில் பறக்காமல் இருக்க, அட்டை கிழிந்த பெரிய ஆங்கிலத் தமிழ் அகராதி ஒன்றைப் பாரமாக வைத்திருப்பார்கள். யாரும் அதைத் திறந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் திறந்தாள்.

"இன்னா தேடறே?"

"அந்தம்மா என்னை இன்னா திட்டினாங்கன்னு சரியா தெரிஞ்சுக்கப் போறேன்."

வேகமான, என்றிருந்தது முதலில். தெரிந்ததுதான். அடுத்த வரியைப் படித்தவள் சந்தேகத்தோடு மறுபடி படித்தாள். அசையாத, இறுகப் பிடித்த, உறுதியான.

"அக்கா, இங்க பாரேன்! வேகமா ஓடறதுக்கும் ஃபாஸ்ட்டு, அசையாம நிக்கறதுக்கும் ஃபாஸ்ட்டாம்!"

"ஓடறதுக்கும் அதே பேரு, நிக்கறதுக்கும் அதே பேரா?" செல்லம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "வெள்ளக்காரனுக்கு வார்த்தைக்கு அவ்ளோ பஞ்சமா?"

லத்தீஃபாவின் விரல் வரி வரியாக இறங்கியது. இறங்க இறங்க, காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் குறைந்து, வேறு ஏதோ ஒன்று குறுகுறுவென்று ஏறியது. நோன்பிருப்பதும் ஃபாஸ்ட். அப்படியானால் இன்றைக்கு அவளும் அத்தாவும், கையூம் பாயும்கூட ஃபாஸ்ட்தான். மணி முந்தி ஓடும் கடிகாரம் ஃபாஸ்ட். அத்தாவின் லுங்கிச் சாயம் ஃபாஸ்ட். அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவன் ஃபாஸ்ட்டாகத் தூங்குகிறான். உயிருக்கு உயிரான சிநேகிதர்கள் ஃபாஸ்ட். சேற்றில் சிக்கி எடுக்க முடியாமல் நிற்கும் வண்டிச் சக்கரமும் ஃபாஸ்ட். 'மேக் ஃபாஸ்ட்' என்றால் படகு முதலியவற்றைக் கயிற்றால் கட்டி நிறுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில்தான் அந்த அர்த்தம் இருந்தது: அடக்கமற்ற, கேளிக்கை நாட்டமுள்ள.

"இத்தனை அர்த்தம் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு அந்தம்மா அடியில கெடந்தத எடுத்துகினாங்களே!" என்று சொன்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லம்மாவும் சிரித்தாள்.

"இன்னா ஆராய்ச்சி?" ரவிச்சந்திரன் உள்ளே வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று இங்கிலீஷில் இருக்கக்கூடும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்காதவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அகராதியை மூடி மறுபடி காகிதத்தின் மேல் வைத்தார். "ஃபாஸ்ட்னா ஃபாஸ்ட்டு. அதுல படிக்க இன்னா கீது? ஃபாஸ்ட்டா அடிங்க, நாலு மணித் தபாலுக்கு லெட்டர் போவணும்."

மூன்றரை மணிக்கு அவள் கடைசி லெட்டரை மெஷினில் சொருகிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கத்தினார்கள். "லாஞ்சி அடிச்சிகினு வருது! இன்ஜின் நின்னுபோச்சாம்!"

ரவிச்சந்திரன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். செல்லம்மா வாயில் அடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள். லத்தீஃபா கதவைச் சாத்திவிட்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினாள். நோன்பு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்த இடத்தில் கரையோரமாகத் தெற்கே ஒரு பாறைக் கூட்டம், வடக்கே ஒரு பாறைக் கூட்டம். இரண்டுக்கும் நடுவே நூறு கெஜத்துக்கு வெறும் மணல். அந்த மாதத்தில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். காற்றோ கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். இன்ஜின் செத்து, நங்கூரக் கயிறும் அறுந்து, லாஞ்ச் தெற்குப் பாறைகளுக்கு எதிரே ஒரு கூப்பிடு தூரத்தில் பக்கவாட்டாகத் திரும்பித் தள்ளாடியது. அதன் முனையில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கருப்பன் நின்றான். பின்பக்கம் தொப்பி பறந்துபோன தலையோடு சர்வேயர், கையில் தகர ஒலிகுழலோடு நின்றார். டிரைவர் இன்னும் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

சின்னராசு என்ற மீனவர் ஏற்கெனவே தம்பியோடு கட்டுமரத்தில் போய், லாஞ்சிலிருந்து வீசிய வடத்தின் முனையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சர்வேயர் கை காட்டிய தெற்குப் பாறை மேல் ஏறி, வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அடுத்து என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் பாறை மேல் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். மீனவர்கள், சங்கு பாசி விற்பவர்கள், உளியைப் போட்டுவிட்டு ஓடிவந்த கல்தச்சர்கள், காரில் சுற்றிப் பார்க்க வந்த பேண்ட் போட்ட ஆட்கள்கூட.

கடலிலிருந்து காற்றில் குரல் தெளிவாக வந்தது.

"மேக் ஃபாஸ்ட்! மேக் ஃபாஸ்ட்!"

"இன்னா சார் சொல்றாரு?" என்று சின்னராசு கேட்டார்.

"சீக்கிரம்ங்கறாரு!" என்றார் ரவிச்சந்திரன். "ஃபாஸ்ட்டா இஸுக்கச் சொல்றாரு. புடிங்கய்யா எல்லாரும்! இஸுங்க!"

நாற்பது பேரும் வடத்தைப் பிடித்தார்கள். ஏலேலோ போட்டு இழுத்தார்கள். லாஞ்ச் திரும்பி, நேராக அவர்களை நோக்கி வந்தது. அவர்கள் நின்ற பாறையின் அடியில், அலை விலகும்போதெல்லாம் கறுப்புக் கற்கள் வரிசையாகத் தலைகாட்டின. அலை ஏறும்போது நுரை ஆள் உயரத்துக்குச் சிதறியது.

சின்னராசு இழுத்துக்கொண்டே கத்தினார். "சார், இன்னும் கிட்ட வந்தா கல்லுல மோதிடும் சார்!"

"அவருக்குத் தெரியாததா? ஃபாஸ்ட்டுங்கறாரே, காது கேக்கல?"

சர்வேயர் இப்போது தலைக்கு மேல் கையை ஆட்டினார். "நோ! நோ! ஃபாஸ்ட்! மேக் இட் ஃபாஸ்ட்!"

"மெதுவா இஸுக்கறோமாம்! இன்னும் வேகமா!" என்று ரவிச்சந்திரன் அலறினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூன்று உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று அந்த மனிதர் முழு மனதோடு நம்பிக்கொண்டிருந்தார்.

லத்தீஃபா மூச்சிரைக்கப் பாறை மேல் ஏறியபோது முதலில் பார்த்தது சர்வேயரின் கைகளை. ஒலிகுழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு முஷ்டியை நட்டு வைத்தாற்போல் நீட்டி, மற்றக் கையை அதைச் சுற்றிச் சுற்றிச் சுழற்றினார். நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோல. குழலை எடுத்தார். "மேக் ஃபாஸ்ட்!" மறுபடி கையைச் சுற்றினார்.

காலையில் விரல் வைத்துப் படித்த வரி கண் முன்னால் வந்து நின்றது.

"சார்! இழுக்க வேணாம்! நிறுத்தச் சொல்லுங்க! கட்டச் சொல்றாரு சார்!"

"இன்னாது?"

"மேக் ஃபாஸ்ட்னா கட்டி நிறுத்துன்னு அர்த்தம்! வேகமான்னு இல்ல! அவரு கையைப் பாருங்க!"

"இதுவா நேரம்? நீ போய் டைப் அடி!" ரவிச்சந்திரன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இஸுங்கய்யா!"

அடுத்த இழுப்பில் லாஞ்ச் இன்னும் பத்தடி வந்தது. கருப்பன் மூங்கிலை நீட்டித் தயாராக முன்னால் குனிந்தான். செல்லம்மா "யோவ்!" என்று ஒரு சத்தம் போட்டாள். அது மனுஷக் குரல் மாதிரியே இல்லை.

லத்தீஃபா மேனேஜரை விட்டாள். வடத்தின் முதல் ஆளாக நின்ற சின்னராசுவிடம் போய் அவர் கையைப் பிடித்தாள். அந்நிய ஆணின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் அது அவள் நினைவுக்கே வரவில்லை.

"அண்ணாத்த! இழுக்காதீங்க. கட்டணும். இழுத்தா அவுங்க செத்துடுவாங்க!"

"நெசமா தெரியுமா, தங்கச்சி?"

"புக்குல படிச்சேன். இன்னிக்குக் காலையிலதான் படிச்சேன்."

சின்னராசு கடலை ஒரு தரம் பார்த்தார். லாஞ்ச், நீரோட்டம், வடக்குப் பாறை, நடுவில் மணல். அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். இத்தனை நேரமும் அவருடைய கண் ஒன்று சொல்ல, இங்கிலீஷ் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டும் ஒன்றையே சொல்லின.

"அட, ஆமா! இங்க கட்டிட்டா தண்ணியே அத்த சுத்திக் கொண்டாந்து மணல்ல சேத்துடுமே! மோதறதுக்கு அந்தாண்ட கல்லு எட்டாதே!" அவர் திரும்பிக் கத்தினார். "டேய், நிறுத்துங்கடா! வுடுங்கடா!"

யார் கேட்டார்கள்? நாற்பது பேர் போடும் ஏலேலோவில் அவர் குரல் கரைந்துபோனது. பின்னால் இருந்தவர்கள் இன்னும் வேகமாக இழுத்தார்கள். இழுத்த வடமெல்லாம் அவர்களுக்குப் பின்னால் பாறை மேல் வளையம் வளையமாகக் குவிந்துகொண்டிருந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் குத்துக்கல் ஒன்று இருந்தது.

லத்தீஃபா அதைப் பார்த்தாள். செல்லம்மாவும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடிப்போய் ஈர வடத்தைத் தூக்கினார்கள். ஒரு ஆள் கனம் இருந்தது. லத்தீஃபா கல்லை ஒரு பக்கமாகச் சுற்றி வர, செல்லம்மா மறுபக்கத்தில் வாங்கித் தாண்டினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு சின்னராசு வந்து சேர்ந்தார். காலைக் கல்லில் உதைத்துக்கொண்டு வடத்தை இறுக்கினார்.

"தலைய குனிஞ்சிக்கங்க!"

பெரிய அலை ஒன்று லாஞ்சைத் தூக்கிப் பின்னால் எடுத்துக்கொண்டு போனது. வடம் விறைத்தது. இழுத்துக்கொண்டிருந்த நாற்பது பேரின் கையிலிருந்தும் அது பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. பாதிப் பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ரவிச்சந்திரன் உட்கார்ந்தே விட்டார். குத்துக்கல் மட்டும் அசையவில்லை.

"இப்போ கொஞ்சம் கொஞ்சமா வுடணும். ரொம்பக் கிட்ட இஸுத்துட்டோம்" என்றார் சின்னராசு. "முனைய புடிச்சிகினே இருங்க. நான் வுடுன்னா ஒரு முழம் வுடுங்க. புடின்னா புடிங்க. பயப்படாதீங்க, பாரத்தக் கல்லு தாங்கிக்கும்."

"வுடு!" வடம் கல்லில் உரசி நகர்ந்தது. "புடி!" லத்தீஃபாவின் உள்ளங்கை தீயாக எரிந்தது. "வுடு!" முந்தானை தலையிலிருந்து நழுவிக் காற்றில் பறந்தது. "புடி, புடி, புடி!" கடல் தண்ணீர் முகத்தில் அறைந்தது. நோன்பு முறியாமல் இருக்க உதட்டை இறுக மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். லாஞ்ச் ஊஞ்சல் பலகைபோல வடக்கே ஒரு வளைவு போட்டுக்கொண்டிருந்தது. கடைசிக் கறுப்புக் கல்லின் பக்கத்தில் அது வந்தபோது கருப்பன் மூங்கிலை ஊன்றி முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினான். மூங்கில் படாரென்று முறிந்தது. லாஞ்ச் ஒரு கை அகல இடைவெளியில் கல்லைத் தாண்டியது.

"கட்டுறேன்! வுடாதீங்க!" சின்னராசு முடிச்சைப் போட்டார். வடம் ஒரு தரம் அதிர்ந்து, கம்பிபோல நின்றது. வடக்குப் பாறைக்கு இருபது கெஜம் இப்பாலேயே லாஞ்சின் ஓட்டம் அடங்கியது. அடுத்த அலை அதை அப்படியே தூக்கி, மெத்தையில் குழந்தையை வைப்பதுபோல மணலில் வைத்தது.

அப்போது எழுந்த கூச்சலில் கடற்கரையே அதிர்ந்தது. கல்தச்சர்கள் துண்டைச் சுழற்றினார்கள். கார்க்காரர்கள் மீனவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். செல்லம்மா பாறையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஓடி, கருப்பனின் முதுகில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். "நானும் சீக்கிரம்ங்கறாருன்னுதாண்டி நெனச்சேன்" என்று அவன் சொன்னது காற்றில் கேட்டது.

சர்வேயர் சொட்டச் சொட்ட நனைந்து மேலே வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் குத்துக்கல்லில் இருந்த சுற்றுகளைக் குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்: "ஹூ மேட் இட் ஃபாஸ்ட்?"

சின்னராசுவுக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் அதில் அந்த ஒரு வார்த்தை இருந்தது. அது போதும் அவருக்கு. நெஞ்சை நிமிர்த்தி, லத்தீஃபாவைக் கை காட்டி, நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"ஃபாஸ்ட்டா? இந்தப் பொண்ணுதான் சார் ஃபாஸ்ட்டு! எங்க ஆளுங்க யாருக்கும் தெரியல. இதுதான் ஃபாஸ்ட்டு!"

லத்தீஃபா பார்த்தாள், பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அது எந்தச் சிரிப்பு என்று செல்லம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் கீழே தண்ணீரில் நின்றபடி சிரித்தாள்.

யாரோ இளநீர் சீவிக்கொண்டு வந்து முதலில் லத்தீஃபாவிடம் நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள். சர்வேயர் வற்புறுத்தியபோது, "ஐ ஆம் ஃபாஸ்டிங், சார்" என்றாள். அவர் புருவத்தைத் தூக்கினார். தன் கையிலிருந்த இளநீரையும் கீழே வைத்துவிட்டார். மேற்கே சூரியன் இறங்குகிற வரைக்கும் சின்னராசு, கருப்பன், சர்வேயர், கல்தச்சர்கள் எல்லாரும் சீவிய இளநீரை முன்னால் வைத்துக்கொண்டு, உப்புக் காய்ந்த தொண்டையோடு காத்திருந்தார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரம் கட்டியிருந்தவரை மற்றவர்கள் அரித்தெடுத்தார்கள். நேரம் வந்ததும் லத்தீஃபா பிஸ்மி சொல்லி முதல் மிடறு குடித்தாள். கூட்டமே சேர்ந்து குடித்தது. நோன்பு திறந்து அப்படி ஒரு ருசியை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

மறுநாள் காலையில் ரவிச்சந்திரன் அவளுக்கு முன்னாலேயே ஆபீஸுக்கு வந்திருந்தார். அகராதி மேஜை மேல் திறந்து கிடந்தது.

"நான் சொன்னதக் கேட்டு இன்னும் நாலு தரம் இஸுத்திருந்தா, இன்னிக்கு நான் எந்த மூஞ்சியோட இங்க வந்திருப்பேன்?" என்றார். "உங்கள நீ, வான்னு வேற பேசிட்டேன்."

"அந்த அவசரத்துல யாருக்கு சார் என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதே" என்றார் அவர்.

சர்வேயர் அன்றே ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் லாஞ்சும் கட்டுமரங்களும் சேர்ந்து வேலை செய்யும்போது, அவர் சொல்வதை மீனவர்களுக்கும், மீனவர்கள் சொல்வதை அவருக்கும் ஒரு ஆள் மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆள் லத்தீஃபாதான். ஒரு வாரம் முழுக்க அவளும் சின்னராசுவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சர்வேயர் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாகச் சொல்லிச் செய்து காட்டுவார். சின்னராசு அதற்குத் தங்கள் வார்த்தையைச் சொல்லுவார். அவள் இரண்டையும் டைப் அடிப்பாள். சில சமயம் சின்னராசுவின் ஒரு வார்த்தைக்கு இங்கிலீஷில் மூன்று தேவைப்பட்டது. நீரோட்டத்துக்கே அவர் ஐந்து பெயர் சொன்னார். சர்வேயர் தன் நோட்டை எடுத்து அவற்றை எழுதிக்கொண்டார்.

கடற்கரையில் நடந்தது கடைத்தெருவுக்கு வரப் பஸ்ஸுக்கு ஆகிற நேரம்தான் ஆனது. பெருநாளுக்கு நாலு நாள் முன்னால், செங்கல்பட்டுப் பையன் ஷஃபியுல்லா லுங்கி வாங்குகிற சாக்கில் தானே கடைக்கு வந்துவிட்டான். சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவன். அரை மணி நேரம் லுங்கிகளைப் புரட்டிவிட்டு, நைனா முகம்மதுவிடம் மெல்ல, "அம்மா சொன்ன வார்த்த தப்பு. அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றான். அத்தா திரைப் பக்கம் பார்த்தார். லத்தீஃபா வெளியே வந்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "கல்யாணம் ஆனா நான் வேலைய விடணுமா?"

அவன் யோசித்துவிட்டுத்தான் சொன்னான். "அம்மா விடச் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ மொதல்ல உங்க அம்மாகிட்ட பேசிட்டு வாங்க. அவுங்க முழு மனசோட சரின்னு சொன்னா எங்க அத்தா உங்களுக்குப் பதில் சொல்லுவாரு."

அவன் போன பிறகு, வருவான் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தான். பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் லத்தீஃபாவின் உள்ளங்கையைத் திருப்பி, வடம் உரித்த தழும்பைப் பார்த்தார். "வேலைக்குப் போறதுன்னா போ. ஆனா தண்ணிக்குள்ள மட்டும் எறங்கிடாத, தாயி" என்றார். லத்தீஃபா சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏனென்றால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடைசிப் பகுதியை அளக்க, அவளும் லாஞ்சில் போவதாக ஏற்பாடு ஆகியிருந்தது. அத்தாவுக்குத் தெரியும். "செல்லம்மாவ கூட கூட்டிக்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய தெளிந்த காலை. பிறந்ததிலிருந்து கடலுக்குக் கால் மைல் தூரத்தில் வளர்ந்தும், கடல் மேல் அவள் ஒரு நாளும் போனதில்லை. கருப்பன் கை கொடுத்துச் செல்லம்மாவை ஏற்றினான். செல்லம்மா ஏறியதும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லத்தீஃபா முனையில் போய் நின்றாள். பக்கத்தில் கட்டுமரத்தில் சின்னராசுவும் அவர் தம்பியும் துடுப்போடு தயாராக இருந்தார்கள்.

புது இன்ஜின் உறுமியது. சர்வேயர் அவளைப் பார்த்து இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். அவள் ஒலிகுழலை வாயில் வைத்தாள்.

"அண்ணாத்த! அவுத்து வுடுங்க!"

சின்னராசு கயிற்றை அவிழ்த்து வீசினார். முதல் அலை லாஞ்சைத் தூக்கியது. செல்லம்மா "அய்யய்யோ, எறக்கி வுடுங்க!" என்று கத்தினாள். லத்தீஃபா கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அலை எப்போது வரும் என்று முன்னால் குனிந்து பார்த்தாள்.